கண்ணின் குறையை மூளை மறைக்கும்

நம் ஒவ்வொரு கண்ணிலும் ஓர் ஓட்டை இருக்கிறது. கண்ணோய் உள்ளவருக்கு மட்டுமல்ல, எல்லாருக்கும் பிறவியிலிருந்தே இருக்கிறது. விழித்திரையில் பதியும் ஒளியின் செய்தியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் ஏறக்குறைய 10 லட்சம். அவை ஓரிடத்தில் திரண்டு கண்ணைவிட்டு வெளியேறுகின்றன. அந்த இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. அங்கே விழும் ஒளி வீண்தான். அந்த இடத்தைத்தான் குருட்டுப் புள்ளி என்கிறோம். இது சிறிய இடமும் அல்ல. வானத்தில் முழு நிலா பிடிக்கும் அகலத்தைப் பத்து தடவை பக்கம் பக்கமாக வைத்தால் எவ்வளவோ, அவ்வளவு. ஆனாலும், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தால்கூட அந்த ஓட்டை நமக்குத் தெரிவதில்லை.

ஏன் தெரிவதில்லை? இந்தக் கேள்வியை விடாமல் துரத்தியவர்களில் ஒருவர் தமிழ்நாட்டில் பிறந்த விஞ்ஞானி வி. எஸ். ராமச்சந்திரன். அவர் கண்டறிந்தவை ஆய்வுக்கூடத்துக்குள் முடிந்துபோகிற சங்கதிகள் அல்ல. ஈப்போவின் குனோங் ராபாட் பகுதியில், இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர், "எனக்குத்தான் நல்லாத் தெரியுதே" என்று கண் பரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார் என்று வையுங்கள். அவர் நம்பியிருப்பது ராமச்சந்திரன் ஆராய்ந்த மூளையின் அதே வேலையைத்தான். அந்த வேலை எப்படி நடக்கிறது, அதை ஏன் முழுக்க நம்பக்கூடாது என்பதைச் சொல்வதற்கே இந்தக் கட்டுரை.

நீங்களே செய்து பார்க்கலாம்

ஒரு வெள்ளைத் தாளில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி போடுங்கள். அதற்கு நேராக, வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி, 1 சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு கறுப்பு வட்டம் வரையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பாருங்கள். தாளை முகத்திலிருந்து ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் கறுப்பு வட்டம் காணாமல் போகும்.

வட்டம் போன இடத்தில் என்ன தெரிகிறது என்பதைக் கவனியுங்கள். இருட்டோ வெற்றிடமோ தெரியாது. வெள்ளைத் தாள்தான் தெரியும். தாள் மஞ்சளாக இருந்தால் அந்த இடமும் மஞ்சளாகத் தெரியும். வட்டத்தை ஊடுருவி ஒரு நீளக் கோடு போட்டிருந்தால், கோடு அறுபடாமல் ஓடும். கிழிந்த பாயை அதே நிறக் கோரையால் பின்னிவிடுவதுபோல, சுற்றிலும் இருப்பதை வைத்து மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி எட்மே மாரியோட் 1660களிலேயே குருட்டுப் புள்ளியைக் கண்டுபிடித்துவிட்டார். அதை மூளை எப்படி அடைக்கிறது என்பதைச் சோதனைகளால் துருவிப் பார்க்க மேலும் நெடுங்காலம் ஆயிற்று.

சென்னையிலிருந்து சான் டியேகோவுக்கு

ராமச்சந்திரன் பிறந்தது 1951இல். இந்திய அரசியலமைப்பை வரைந்தவர்களில் ஒருவரான அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் இவருடைய தாத்தா. தந்தை ஐக்கிய நாடுகள் சபை அமைப்பில் வேலை பார்த்ததால், பள்ளிப் பருவத்தில் சில காலம் பாங்காக்கில் வளர்ந்தார். பின்னர் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவராக இருக்கும்போதே, 1972இல், பார்வை பற்றிய அவருடைய முதல் கட்டுரை உலகப் புகழ்பெற்ற 'நேச்சர்' இதழில் வந்தது. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் முனைவர் பட்டம் பெற்று, 1983இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்துக்குப் போனார்.

அவருடைய ஆய்வுமுறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. கோடிக்கணக்கில் செலவாகும் கருவிகளைவிட எளிய சோதனைகளையே அவர் பெரிதும் நம்பினார். 1988இல் செய்த ஒன்றைப் பாருங்கள். மேலே வெளிச்சமாகத் தொடங்கிக் கீழே வரவர இருட்டாகும் ஒரு வட்டத்தைத் திரையில் காட்டினால், அது நம்மை நோக்கிப் புடைத்துத் தெரிகிறது. அதே வட்டத்தைத் தலைகீழாக்கினால் குழியாகத் தெரிகிறது. படத்தில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இரண்டும் தட்டையான படங்கள்தான். வெளிச்சம் மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே திசையிலிருந்து வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவுகட்டி வைத்திருக்கிறது. சூரியன் தலைக்கு மேலே இருக்கும் உலகில் உருவான மூளை வேறு எப்படி முடிவு செய்யும்?

நம் ஊரிலேயே இதைக் காணலாம். கெக் லோக் தோங் குகைக்கோயில் இருக்கும் சுண்ணாம்புக்கல் மலையை வெயில் நேரத்தில் தூரத்திலிருந்து பாருங்கள். எது பொந்து, எது துருத்திய பாறை என்று உடனே தெரிகிறது. நாம் போய்த் தொட்டுப் பார்க்கவில்லை. நிழல் விழுந்திருக்கும் விதத்தைக் கொண்டு மூளை ஊகித்துச் சொல்கிறது. கண் தருவது துப்பு மட்டுமே. காட்சியை உண்டாக்குவது மூளை. ராமச்சந்திரனின் ஆய்வுகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் உண்மை இதுதான்.

மூளை நிரப்பும் வேலை

பிரிட்டனின் புகழ்பெற்ற பார்வை உளவியலாளர் ரிச்சர்ட் கிரெகரியுடன் சேர்ந்து 1991இல் 'நேச்சர்' இதழில் ராமச்சந்திரன் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒளிபரப்பு நின்றுபோன பழைய தொலைக்காட்சியில் தெரியுமே, அதுபோல மினுமினுக்கும் புள்ளிகள் நிறைந்த ஒரு திரை. அதன் ஓரத்தில் ஒரு சிறிய சாம்பல் நிறச் சதுரம். பார்ப்பவர் நடுவில் ஒரு புள்ளியையே உற்றுப் பார்க்க வேண்டும். சில நொடிகளில் சதுரம் மறைந்து, அந்த இடத்திலும் புள்ளிகள் மினுங்குவதாகத் தெரிகிறது. அதன்பிறகு திரை முழுவதையும் சாம்பல் நிறமாக்கினால், சதுரம் இருந்த இடத்தில் மட்டும் சில நொடிகள் புள்ளிகள் மினுங்கிக்கொண்டே இருக்கின்றன. அங்கே புள்ளிகள் ஒருபோதும் இருந்ததில்லை. மூளை தானாகப் போட்டவை அவை.

விபத்தில் மூளையின் பின்பகுதி காயம்பட்டு, பார்வையில் ஒரு பகுதி போய்விட்டவர்களையும் அவர் ஆராய்ந்தார். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு, இடையில் பார்வை போன பகுதி. முதலில் இடைவெளி தெரிகிறது. சில நொடிகளில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று நோக்கி நீண்டு இணைந்துவிடுகின்றன. சிவப்புப் பின்னணியில் மினுங்கும் புள்ளிகளைக் காட்டினால், முதலில் சிவப்பு பரவுகிறது, புள்ளிகள் பிறகுதான் வருகின்றன. நிறத்தை ஒரு வேகத்திலும் அசைவை வேறொரு வேகத்திலும் மூளை நிரப்புகிறது என்பதற்கு இது சான்று.

எல்லாரும் இதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. மூளை எதையும் நிரப்பவில்லை, இல்லாததைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான் என்று அமெரிக்கத் தத்துவவாதி டேனியல் டெனட் வாதிட்டார். ஆனால் 1995இல் குரங்குகளின் மூளையில் செய்த ஓர் ஆய்வு வந்தது. ஓட்டை நிரம்பிவிட்டதாக மனிதர்களுக்குத் தோன்றும் அதே சில நொடிகளில், அந்த இடத்துக்குரிய மூளைச் செல்கள் மெல்ல மெல்லச் சுறுசுறுப்பாவதை அது காட்டியது. நிரப்புதல் மூளைக்குள் உண்மையாகவே நடக்கும் வேலை என்ற பக்கம் இதனால் வலுப்பெற்றது.

கண் அழுத்த நோய் ஏன் தெரிவதில்லை

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். கிளௌகோமா எனப்படும் கண் அழுத்த நோயில், கண்ணுக்குள் இருக்கும் நீர் சரியாக வடியாமல் அழுத்தம் கூடி, பார்வை நரம்பின் இழைகள் ஒவ்வொன்றாக அழிகின்றன. அழுத்தம் சாதாரண அளவில் இருந்தும் நரம்பு கெடுவது உண்டு. பெரும்பாலும் முதலில் போவது ஓரப் பார்வை. பொதுவாக வலி இருக்காது. கண்ணும் பெரும்பாலும் சிவக்காது. நேரே பார்ப்பது பெரும்பாலும் நோய் முற்றும்வரை தெளிவாக இருக்கும். ஆகவே கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரிவரை படித்துவிட்டேன் என்பதால் இந்த நோய் இல்லை என்று ஆகிவிடாது. அந்தப் பலகை சோதிப்பது நடுப் பார்வையை மட்டுமே.

போன பகுதி கறுப்பாகத் தெரிந்தால் யாரும் அடுத்த நாளே மருத்துவமனைக்கு ஓடுவார்கள். ஆனால் அது கறுப்பாகத் தெரிவதில்லை. லண்டனில் டேவிட் கிராப் என்பவரின் குழு 50 கிளௌகோமா நோயாளிகளிடம் பல படங்களைக் காட்டி, "உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்ட ஆய்வு 2013இல் வெளிவந்தது. கறுப்புக் குழாய் வழியாகப் பார்ப்பதைப் போன்ற படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. பாதிக்கும் மேலானோர் சில பகுதிகள் மங்கலாகத் தெரிவதாகச் சொன்னார்கள். 13 பேர் தங்கள் பார்வையில் எந்தக் குறையும் இல்லை என்றார்கள். அவர்கள் எல்லாருமே நோய் உறுதியாகி, பார்வையில் இழப்பு இருப்பதாகச் சோதனை காட்டியவர்கள்.

இதன் ஆபத்தைச் சாலையில் எண்ணிப் பாருங்கள். சந்திப்பில் பக்கவாட்டிலிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வருகிறது. காரோட்டியின் ஓரப் பார்வையில் ஓட்டை. மூளை அங்கே காலியான சாலையைப் போட்டுவிடுகிறது. "பார்த்துத்தான் எடுத்தேன்" என்று அவர் சொல்வது பொய்யல்ல. இல்லாத சாலையை அவர் பார்த்தார்.

இரண்டு கண்களும் திறந்திருக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்வதும் ஒரு காரணம். அதனால்தான் மருத்துவமனையில் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணை ஒரு கருவிக்கு முன் வைத்து, விளக்குப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்கிறார்கள். மூளை நிரப்பி வைத்திருப்பதை இந்தச் சோதனை ஏமாறாமல் தாண்டிப் போகிறது. இழந்த பார்வையைச் சொட்டு மருந்தோ லேசரோ அறுவை சிகிச்சையோ திருப்பித் தராது. இருப்பதைக் காக்க மட்டுமே முடியும். எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு மிச்சம்.

இனிப்பு நீரும் விழித்திரையும்

மலேசியாவில் 2023ஆம் ஆண்டு எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர். இந்தியர்களிடையே இந்த நோய் மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதை முந்தைய ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்திருக்கின்றன.

இரத்தத்தில் சர்க்கரை கூடினால் விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பலவீனமாகி, கசியும், அடைபடும். பின்னர் புதிய, எளிதில் உடையும் குழாய்கள் முளைத்து உள்ளே இரத்தம் கொட்டும். முதல் கட்டங்களில் பார்வை மாறாது. சின்னச் சின்ன இடங்களில் விழித்திரை செயலிழந்தால், மூளை அதையும் அடைத்துவிடும். பார்வை மங்கிவிட்டது என்று நோயாளிக்கே தெரியும் நேரத்தில், நோய் பல கட்டங்களைக் கடந்திருக்கலாம்.

2014இல் 50 வயதைத் தாண்டிய மலேசியர்களிடம் நடந்த தேசியக் கண் ஆய்வில், பார்வையிழப்புக்கு முதல் காரணம் சிகிச்சை பெறாத கண்புரை, 58.6 விழுக்காடு. நீரிழிவு விழித்திரை நோய் 10.4 விழுக்காடு, கிளௌகோமா 6.6 விழுக்காடு. கண்புரையில் இழந்த பார்வையை அறுவை சிகிச்சையால் பெரும்பாலும் மீட்கலாம். மற்ற இரண்டில் அந்த வாய்ப்பு குறைவு. அவற்றைத்தான் மூளை நம்மிடமிருந்து மறைக்கிறது.

வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோயும் உண்டு. அதற்குக் கட்டம் போட்ட ஒரு தாளை வீட்டிலேயே ஒவ்வொரு கண்ணாலும் பார்க்கச் சொல்வார்கள். கோடுகள் வளைந்தோ, நெளிந்தோ, ஓரிடத்தில் அழிந்தோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். ஆனால் இங்கும் மூளை கோடுகளை இணைத்துவிடுவதால், குறை இருந்தும் கட்டம் ஒழுங்காகத் தெரிவது உண்டு. வீட்டுச் சோதனை நல்லது. மருத்துவர் பார்ப்பதற்கு அது ஈடாகாது.

இல்லாத மனிதர்கள் தெரிந்தால்

கையோ காலோ துண்டிக்கப்பட்டவர்களுக்கு, இல்லாத அந்த உறுப்பு வலிப்பது உண்டு. ராமச்சந்திரனை உலகறியச் செய்தது இந்த வலியைக் குறித்த ஆய்வுதான். ஒரு பெட்டிக்குள் கண்ணாடி வைத்து, இருக்கும் கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருடைய வலியைக் குறைத்தார். உறுப்பிலிருந்து செய்தி வராதபோது மூளை சும்மா இருப்பதில்லை, தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்கிறது என்பதே அதன் பாடம்.

கண்ணிலும் இதுவே நடக்கும். விழித்திரை நோயாலோ கண்புரையாலோ பார்வை வெகுவாகக் குறைந்த முதியவர்களில் சிலருக்கு, அறையில் சின்ன மனிதர்கள், குழந்தைகள், பறவைகள், பூக்கோலங்கள் தெளிவாகத் தெரியும். சுவிட்சர்லாந்தின் சார்ல்ஸ் பொன்னே 1760இல் தன் தாத்தாவுக்கு இப்படி நேர்ந்ததை எழுதினார். இன்றும் இந்த நிலை பொன்னேயின் பெயரால் அறியப்படுகிறது. அவை உண்மையல்ல என்பது பார்ப்பவருக்கே பொதுவாகத் தெரியும். அவர்களுக்கு மனநோயோ பேய்பிடித்தலோ கிடையாது. ஆனால் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து பாட்டிமார் வீட்டில் சொல்வதே இல்லை. சொல்கிறவரை மந்திரிக்க அழைத்துப் போகாமல், கண் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். "உங்கள் மூளை சரியாகத்தான் இருக்கிறது, கண்ணில் வெளிச்சம் குறைந்ததால் இப்படித் தெரிகிறது" என்ற ஒரு சொல் அவர்களுக்குப் பெரிய நிம்மதி தரும்.

குழந்தைகளுக்குக் காலம் காத்திருக்காது

மூளைதான் பார்க்கிறது என்பதற்கு மறுபக்கமும் உண்டு. மூளை பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றும் பவன் சின்ஹா, இந்தியாவில் 'பிரகாஷ்' என்ற திட்டத்தின் மூலம் பிறவிக் கண்புரை உள்ள ஏழைக் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யவைத்து, அவர்கள் பார்வை பெறும் விதத்தை ஆராய்ந்தார். 8 முதல் 17 வயதுவரையான ஐவரால், கண் திறந்த முதல் நாட்களில், கையால் தொட்டறிந்த பொருளைப் பார்த்து அடையாளம் சொல்ல முடியவில்லை. சில நாட்களிலேயே அதில் முன்னேறினார்கள். 2011இல் வெளிவந்த இந்த முடிவு, அயர்லாந்தின் வில்லியம் மோலினூ 1688இல் கேட்டு வைத்த கேள்விக்கு ஒரு பதில். பிறவிக் குருடர் பார்வை பெற்றால், தொட்டறிந்த உருவங்களைக் கண்ணால் அடையாளம் காண்பாரா என்பது அந்தக் கேள்வி.

இந்தப் பிள்ளைகள் நம்பிக்கை தருகிறார்கள். ஆனாலும் சின்ன வயதில் தெளிவான பிம்பம் கிடைக்காத கண்ணை மூளை ஒதுக்கத் தொடங்கும். வளர்ந்தபிறகு அந்தக் கண்ணின் பார்வையை முழுதாக மீட்பது கடினம். குழந்தையின் கண்மணியில் வெள்ளை தெரிந்தாலோ, ஒரு கண் ஒதுங்கிப் பார்த்தாலோ, "வளர்ந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம்.

பேராக்கில் நாம் செய்யக்கூடியது

ரப்பர் தோட்டத்தில் வளர்ந்த நம் பெரியவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வலித்தால், காய்ச்சலடித்தால், வெட்டுப்பட்டால் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசரிடம் போவார்கள். வலிக்காததற்கு மருந்து தேட மாட்டார்கள். உழைப்புக்கே நேரம் போதாத வாழ்வில் அது நியாயமாகவும் இருந்தது. ஆனால் இங்கே சொன்ன கண்ணோய்களில் பல வலிக்காமலும் தெரியாமலும் வருகின்றன. அந்தப் பழக்கத்தைக் கண் விஷயத்தில் கைவிட வேண்டும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள், நோய் தெரிந்த உடனே ஒரு தடவை, அதன்பின் ஆண்டுக்கு ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும். அரசாங்க கிளினிக்கில் மருந்து எடுக்கப் போகும்போதே, "கண் படம் எப்போது எடுத்தார்கள்?" என்று கேளுங்கள். குறை தெரிந்தால் ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்புவார்கள். கண்மணியை விரிக்க மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும். அன்று மோட்டார் ஓட்டாதீர்கள், யாரையாவது கூட அழைத்துப் போங்கள்.

40 வயதைத் தாண்டியவர்கள் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ கிளௌகோமா இருந்தால், காத்திராமல் இப்போதே போங்கள். மருத்துவர் சொல்லாமல் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைத் தொடர்ந்து போடாதீர்கள். அதுவே கண் அழுத்தத்தைக் கூட்டும். கிளௌகோமாவுக்குச் சொட்டு மருந்து கொடுத்திருந்தால், வித்தியாசம் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வித்தியாசம் தெரியாமல் இருப்பதே அந்த மருந்தின் வெற்றி.

பார்வை நன்றாக இருப்பதாக உணர்வது நல்லதே. அந்த உணர்வை உண்டாக்குவது மூளை, நோய் வருவது கண்ணுக்கு. இரண்டும் ஒன்றல்ல என்பதை ராமச்சந்திரனும் அவரைப் போன்றோரும் நமக்குக் காட்டிவிட்டார்கள். எனவே, நன்றாகத் தெரியும்போதே போய்க் கண்ணைக் காட்டுங்கள். உங்களோடு உங்கள் வீட்டுப் பெரியவரையும் அழைத்துப் போங்கள்.